நலங்கு மஞ்சளும் பதினாறு மூட்டையும்

ஹனூர்
27 டிசம்பர் 2024

சுசித்ராவுக்கு,

லீலா எழுதுவது. நீ என்னைப் போனில் பிளாக் செய்துவிட்டாய் என்பது உன் மகள் ஜீவிதா சொல்லித்தான் தெரிந்தது. நான் மூன்று நாளாக ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு, பாவம், மைசூரில் டவர் இல்லை போலிருக்கிறது என்று உனக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்தியூர் ஹாஸ்டலில் படித்த தமிழ் இந்தக் குடும்பத்தில் நம் இருவருக்குத்தான் மிச்சம். உன் மகளுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இந்த எழுத்து படிக்க வராது. அதனால் கவர் வாங்கி, மனம்விட்டு எழுதுகிறேன்.

உன் பார்சல் வந்தது. பஸ் கண்டக்டர் கடைவீதியில் இறக்கிவிட்டுப் போக, பக்கத்துத் தோட்டத்து மாதம்மா எடுத்து வந்து தந்தாள். பிரித்தால் ஒரு மஞ்சள் சேலை. அதற்குள் ஒரு சீட்டு. 'நலங்கு அன்று எல்லாப் பெண்களும் இதே சேலை. மொத்தம் நாற்பது பேர். யாரும் மாற்றிக் கட்டக் கூடாது.' மகளுக்குக் கல்யாணம் செய்கிறாயா, செக்யூரிட்டி கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாயா? நாற்பது பெண்களை ஒரே நிறத்தில் வரிசையாக நிறுத்தினால் யார் சித்தி, யார் அத்தை என்று மணப்பெண்ணுக்கே தெரியாது. ஒரு வேளை போட்டோ பிடிப்பவனுக்கு எண்ணிப் பார்க்க வசதியோ என்னவோ.

சேலையை உதறினேன். கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது. சீட்டின் மூலையில் 'சாஃப்ட் சில்க்' என்று அச்சடித்திருந்தது. முந்தானையில் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். சாம்பலாகவில்லை. உருகி, கறுத்து, மணியாகி விரலில் ஒட்டிக்கொண்டது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை. கொள்ளேகால் பட்டுக்குப் புழு வளர்த்த இந்த வீட்டில் பிறந்தவள் நீ. எதைப் பட்டு என்று சொல்லி விற்பது என்பதில் ஒரு கூச்சம் வேண்டாமா?

குடும்பக் குரூப்பில் நான் எழுதியது ஒரே வரி. 'இந்தப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு குத்துவிளக்குப் பக்கம் போக முடியாது, எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது.' அதற்கு உன் நாத்தனார்கள் எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சிரித்தவர்களோடு நீ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய். சொன்னவளைத்தான் பிளாக் செய்தாய்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ கம்பெனியில் ஷிப்ட் பார்த்த காலமெல்லாம், ஐந்து வயது வரை, ஜீவிதா என்னிடம்தான் வளர்ந்தாள். நலங்கில் முதல் மஞ்சளைப் பெரியம்மாதான் பூச வேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள். நான் வந்தால் என் நூல் சேலையில் வருவேன். அது உன் மண்டபத்துக்கு அழகில்லை என்றால் சொல்லிவிடு, வரவில்லை.

உன் மஞ்சளை என்ன செய்தேன் என்று கேட்பாய். நம் செவலைப் பசுவைக் கட்டும் கட்டுத்தரை ஓரம் வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. அதில் கட்டிவிட்டேன். காட்டுப்பன்றிகள் நின்று ரசிக்கட்டும். அவற்றுக்கும் உன் சேலைக்கடை வாடிக்கையாளர்களுக்கும் ஒரே ரசனைதான்.

லீலா


மைசூர், ஹெப்பாள்
3 ஜனவரி 2025

அக்காவுக்கு,

படித்தேன். துணியைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாய். பதினெட்டு வருடம் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றவள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் தடவினால் போதும், நூலா, பாலியஸ்டரா, எதில் எவ்வளவு கலந்தது என்று சொல்வேன். நீ அடுப்பில் சுட்டு, விரலையும் சுட்டுக் கண்டுபிடித்திருக்கிறாய். பெரிய விஞ்ஞானிதான்.

அது பட்டில்லை என்பது எனக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்தத் தசராவுக்கு ஒன்பது நாளுக்கு ஒன்பது நிறம் என்று இந்த ஹெப்பாளில் மட்டும் எத்தனை பேர் என்னிடம் ஒன்பது ஒன்பதாக வாங்கினார்கள் தெரியுமா? வாங்கியதைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் காலை கடை வாசலில் ரிட்டர்ன் மூட்டை. 'கலர் வேற மாதிரி இருக்கு ஆண்ட்டி' என்கிறாள் ஒருத்தி. முந்தானையில் பிசிபேளாபாத் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அக்குளில் சென்ட் வாசனை. இவர்கள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது என்று நினைக்கிறாயா? உனக்கு இருப்பதைவிட நூறு மடங்கு இளக்காரம் எனக்கு இருக்கிறது. ஆனால் நான் அவர்களைப் பார்த்து வணக்கம் சொல்லி விற்கிறேன். ஜீவிதாவை இன்ஜினியரிங் படிக்க வைத்தது அந்த வணக்கம்தான்.

பன்றி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசியில், எனக்குப் போன் செய்து கெஞ்சியது யார்? 'சுசி, பளைய நூல் சீலயக் கட்டுனா ரெண்டு மளைக்கே நைஞ்சு போவுது. பன்னி உள்ள பூந்து சோளத்த மேஞ்சுட்டுப் போயிருது. மக்காத சீலயாப் பாத்து அனுப்பு சாமி.' இதே வாய்தானே? விற்காதது, கறைபட்டது, ஜரிகை பிய்ந்தது என்று பதினாறு மூட்டை கட்டி ஹனூர் பஸ்ஸில் ஏற்றினேன். நான்கு ஏக்கரையும் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டிவிட்டு, வீடியோ எடுத்து அனுப்பினாய். 'பாரு, நம்ம தோட்டத்துல தேர்த் திருவிழா' என்று சிரித்தாய். அன்றைக்கு அது பிளாஸ்டிக் பை என்று உனக்குத் தெரியவில்லையா?

உன் பயிரைக் காப்பாற்ற என் சேலை வேண்டும். என் மகள் நலங்கில் என் பேச்சைக் காப்பாற்ற மட்டும் அதே சேலை உனக்கு ஆகாது. ஊரில் இருந்துகொண்டு இரண்டு நூல் சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினால் பெரிய ஞானி என்று நினைப்பு. கட்டாததற்குக் காரணம் கொள்கை இல்லை அக்கா. நான் கொடுத்தது என்பதுதான்.

வருவதானால் மஞ்சளில் வா.

சுசித்ரா


ஹனூர்
11 ஜனவரி 2025

சுசித்ராவுக்கு,

ஆமாம், கேட்டேன். வேலிக்குக் கேட்டேன். உடம்புக்குக் கேட்கவில்லை. முள்ளையும் வேலிக்குத்தான் வெட்டுகிறோம், தலையில் சூடிக்கொள்வதில்லை.

உன் பதினாறு மூட்டையால் பன்றி நின்றது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. என்னைப் பார்த்து மாதம்மா கட்டினாள், அவளைப் பார்த்துச் செல்லக்கண்ணு கட்டினார், இப்போது மலைக்குப் போகும் சாலையில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பதினொரு தோட்டம் சேலை கட்டி நிற்கிறது. மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் இறங்கி நின்று செல்பி எடுக்கிறார்கள். உன் வாடிக்கையாளர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் உனக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் எதையும் வீணாக்குவதில்லை. காற்றில் கிழிந்து தொங்குவதை அப்படியே விடமாட்டேன். பொறுக்கி எடுத்துக் குப்பைக்குழியில் போட்டு, மேலே சாணியைக் கொட்டி, அடுத்த வருடம் எருவோடு அள்ளி வயலுக்கு இறைத்துவிடுவேன். அப்பாவின் வேட்டி, அம்மாவின் சேலை எல்லாம் அந்தக் குழிக்குள் போய்த்தான் சோளமாக வந்தன. நீ விற்பதைக்கூட நான் மண்ணுக்குப் பயன்படும்படி செய்கிறேன். நீயோ மண்ணுக்குப் பயன்படுவதை எல்லாம் விட்டுவிட்டுப் போனாய்.

உன் கடைசி வரிக்குப் பதில். நான் கொடுத்தது என்பதால் கட்டவில்லை என்கிறாய். அப்படியே வைத்துக்கொள். நீ கொடுக்கும்போது 'இந்தா அக்கா' என்று கொடுத்திருந்தால் எரிச்சலோடாவது கட்டியிருப்பேன். சீட்டு எழுதி, நாற்பதில் ஒன்று என்று அனுப்பினாய்.

இங்கே செவலைக்கு உடம்பு சரியில்லை. மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. இடது பக்கம் வயிறு உப்பிக் கிடக்கிறது. எட்டு மாதச் சினை. கால்நடை ஆஸ்பத்திரி மல்லப்பன் வந்து எண்ணெய் புகட்டிவிட்டுப் போனார். அதற்கு எப்படி ஆகிறதோ அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி யோசிக்க முடியும்.

லீலா


மைசூர், ஹெப்பாள்
20 ஜனவரி 2025

அக்காவுக்கு,

மாட்டுக்கு வயிறு சரியில்லையாம், அதனால் மகள் கல்யாணம் யோசனையில் இருக்கிறதாம். சரியான சாக்கு. என் சம்பந்தி வீட்டில் கேட்டால் 'எங்கள் அக்கா, பசு அசை போட்ட பிறகு வருவார்' என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே நான் படும் பாட்டைக் கேள். ஜீவிதாவின் கம்பெனியில் பூமியைக் காப்பாற்ற ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மைல் ஓடினால் பூமி பிழைத்துக்கொள்ளுமாம். ஓடுகிறவர்களுக்கு எல்லாம் பச்சை டி-ஷர்ட். முதுகில் ஒரு மரம், அடியில் 'மண்ணை மதிப்போம்'. நூற்றுக்கு நூறு பாலியஸ்டர். ஐந்நூறு பீஸ். அந்த ஆர்டரை எடுத்துக் கொடுத்ததே நான்தான். திங்கட்கிழமை ஹவுஸ்கீப்பிங் பெண்கள் அதே டி-ஷர்ட்டால் மேஜை துடைத்துக்கொண்டிருந்தார்களாம். தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை என்று திட்டினார்களாம். இவர்கள் நடுவில் நான் பிழைக்க வேண்டும். நீ என்னடாவென்றால் ஏதோ நானே சூரத்தில் மில் வைத்து ஊருக்கு விஷம் காய்ச்சுவதுபோல எழுதுகிறாய். செய்கிறவன் ஒருவன், வீசுகிறவள் ஒருத்தி. நடுவில் நின்று கை மாற்றிவிடுவதுதான் என் வேலை.

ஜீவிதாவிடம் நீ வருவது சந்தேகம் என்று சொன்னேன். லேப்டாப்பை மூடினாள். 'பெரியம்மா பரல்ல அந்தரே நலங்கே பேடாம்மா' என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பிப்ரவரி பதினாறு முகூர்த்தம், முந்தின நாள் நலங்கு. பெரியம்மா வராவிட்டால் நலங்கே வேண்டாம் என்கிறாள் பெண். சந்தோஷம்தானே?

உனக்கு இன்னொரு சேலை அனுப்பமாட்டேன். கட்டுத்தரை வேலியில் கட்டினாயே, அதையே அவிழ்த்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு வா. சாயம் போகாது, சுருங்காது. அந்த உத்தரவாதத்தை நான் தருகிறேன். அதைக் கட்டிக்கொண்டு நீ மண்டபப் படியேறினால், மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன்.

சுசித்ரா


ஹனூர்
29 ஜனவரி 2025

சுசித்ராவுக்கு,

செவலை செத்துப்போயிற்று. கன்றும் உள்ளேயே போய்விட்டது.

பதினெட்டு நாள் நின்றது. கடைசி நான்கு நாள் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. மல்லப்பன் கொடுக்காத மருந்தில்லை. செத்த பிறகு அறுத்துப் பார்த்துச் சான்றிதழ் எழுத வேண்டும் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றோம். வயிற்றைக் கீறிக் கையை முழங்கை வரை விட்டு இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. இரண்டு பூசணிக்காய் அளவு உருண்டை, முறுக்கிப் பிழிந்து வைத்த மாதிரி. வாளித் தண்ணீரை ஊற்றினார். நிறம் நிறமாகப் பிரிந்தது. கிளிப்பச்சை, ஊதா, ரோஸ், நடுநடுவே ஜரிகை, மேலாக மஞ்சள். ஒன்றும் மக்கவில்லை. உன் உத்தரவாதப்படி சாயம்கூடப் போகவில்லை.

'ஏனுங்கக்கா, இது வவுறா இல்ல சீலக்கடையா?' என்றார் மல்லப்பன். அவர் கிண்டல் செய்யவில்லை. ஆனாலும் சுற்றி நின்ற யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நடுவில் நின்று கை மாற்றிவிடுகிறேன் என்று எழுதினாய். நீ கை மாற்றிவிட்டது கடைசியில் எங்கே வந்து சேர்ந்தது என்று பார்த்துக்கொள். உன் வாடிக்கையாளர் ஒரு நாள் கட்டி, ஒரு படம் எடுத்து, பிசிபேளாபாத் சிந்தித் திருப்பிக் கொடுத்ததை என் பசு தின்று செத்திருக்கிறது. ஒன்பது நிறத்தில் நான்கு அதன் வயிற்றில் இருந்தது. மீதி ஐந்தும் யார் வீட்டு மாட்டின் வயிற்றிலோ.

நான் வரவில்லை. ஜீவிதாவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். மகள் மாதிரி வளர்த்தவளுக்கு மஞ்சள் பூசும் கையில் இப்போது வேறு வாசனை இருக்கிறது. உன் நாற்பது பேரில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

லீலா


மைசூர், ஹெப்பாள்
3 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

செவலை போனதைக் கேட்டு ஜீவிதா அழுதாள். நானும்தான். அதை நீ நம்பத் தேவையில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்த மஞ்சள்?

நான் அனுப்பிய பதினாறு மூட்டையிலும் மஞ்சள் கிடையாது. ஒரு முழம்கூடக் கிடையாது. என் கடையில் மஞ்சள் மட்டும் ஒருபோதும் தங்காது. நலங்கு, வளைகாப்பு, பூஜை என்று கறைபட்டதைக்கூட யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பச்சை தங்கும், ஊதா தங்கும், ரோஸ் தங்கும். பதினெட்டு வருடம் செக்கிங், ஆறு வருடம் கடை. என் சரக்கில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அந்தத் தோட்டத்துக்கு என்னிடமிருந்து வந்த மஞ்சள் ஒன்றே ஒன்றுதான். அது வேலிக்காக வரவில்லை. அதை எங்கே கட்டினாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். செவலையின் வாய்க்கு எட்டும் தூரம். கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. ஜீவிதாவுக்குத் தமிழ் படிக்க வராதது உனக்கு நல்லதாகப் போயிற்று. அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

வேலியைக் கட்டினது வயிற்றுப்பாட்டுக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மஞ்சளை எந்தப் பன்றியும் கேட்கவில்லை அக்கா. என்னை அவமானப்படுத்தத்தான் கட்டினாய்.

என் பங்குக்கும் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். பதினாறு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றின அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது. உனக்கு உதவி செய்கிறேன் என்பதற்காக இல்லை. கோடவுனில் இடம் கிடைத்தது. அது மக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பஸ் திரும்பினதும் அது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வாயுள்ள ஜீவன் இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நானும் அந்த வீட்டில் பால் கறந்தவள்தான்.

நலங்கு பதினைந்தாம் தேதி மாலை. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

சுசித்ரா


ஹனூர்
8 பிப்ரவரி 2025

சுசிக்கு,

தபாலுக்கு நேரமில்லை. கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அந்த மஞ்சள்தான். மல்லப்பன் தண்ணீர் ஊற்றினபோதே தெரிந்தது. மற்றதெல்லாம் நாள்பட்டு நைந்து நூலாகக் கிடந்தது. அது மட்டும் புதுசாக, முந்தானைப் பூவோடு மேலே இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உனக்கு எழுதும்போது மஞ்சளை விட்டுவிடலாம் என்று பேனாவை வைத்தேன். கை எழுதிவிட்டது. 'துவைத்துக் கட்டிக்கொண்டு வா' என்று நீ எழுதினதைப் படித்த அன்றே வேலிக்குப் போய்ப் பார்த்திருந்தேன். பாதிச் சேலைதான் தொங்கியது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை இளப்பமாகப் பேச எனக்கு இருந்த ருசிக்கு ஒரு சினைப் பசு போயிற்று. வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

இன்னொன்றையும் கேள். வீணாக்கமாட்டேன், மக்கவைப்பேன் என்று பெருமையாக எழுதினேனே. செவலையைப் புதைத்த மறுநாள் குப்பைக்குழியைத் தோண்டினேன். மூன்று அடிக்குக் கீழே, இரண்டு வருடத்துச் சாணிக்கு நடுவில், உன் ஊதாச் சேலை நேற்று மடித்து வைத்ததுபோல இருந்தது. வயலில் கையால் கிளறினால் எங்கே பார்த்தாலும் நூல். சோளத்தட்டை வேரோடு சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தட்டையைத்தான் செவலைக்கு வெட்டிப் போட்டேன். நூல் சேலையைப் போட்ட குழி என்பதால் எதைப் போட்டாலும் தின்றுவிடும் என்று நம்பினேன். உன் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தேனே, அவர்களுக்காவது இது பட்டில்லை என்று தெரியும்.

வேலியை அவிழ்த்துவிட்டோம். இரண்டு நாள் வேலை. முதல் ராத்திரியே பன்றி வந்துவிட்டது. இன்னும் இருபது நாளில் ஒடிக்க வேண்டிய சோளம், ஒரு ஏக்கருக்கு மேல் போயிற்று. மாதம்மா வந்து பார்த்து, 'உனக்கென்ன கிறுக்கா அம்மிணி?' என்றாள். கூட்டிப்போய்க் குழியைக் காட்டினேன். அவளிடம் மூன்று மாடு. மறுபேச்சுப் பேசாமல் அவளும் அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். செல்லக்கண்ணு இன்னும் அவிழ்க்கவில்லை. அவரிடம் மாடு கிடையாதாம், அதனால் கவலையும் கிடையாதாம்.

அவிழ்த்ததைக் கட்டிப் பார்த்தால் பதினாலு மூட்டை. பதினாறு அனுப்பினாய். மீதி இரண்டும் மண்ணுக்குள் இருக்கிறது, செவலையோடு போனதைக் கழித்துக்கொள். அந்த இரண்டை இனி யாராலும் எடுக்க முடியாது.

இந்தப் பதினாலை என்ன செய்வது? கொளுத்தினால் என் விரலில் ஒட்டின மாதிரி ஊர் மூக்கில் ஒட்டும். புதைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். ஆற்றில் விட்டால் கீழே இருக்கிறவன் தலையில். உன் வாடிக்கையாளர்கள் செய்வதுதான் சரி என்று தோன்றுகிறது. ரிட்டர்ன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். மூட்டையும் என்னோடு வருகிறது. சம்பந்தி வீட்டார் பார்த்துக் கேட்டால் வெட்கப்படாதே. பெண்ணின் பெரியம்மா கொண்டுவந்த சீர் என்று சொல். நான் சேர்த்து வைத்த சொத்தில் அழியாதது அது ஒன்றுதான்.

முதல் மஞ்சள் நான் பூசுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். இரண்டில் ஒன்றை மட்டும் உள்ளே விடமுடியாது. நான் வேண்டும் என்றால் மூட்டைக்கும் கதவைத் திற.

அக்கா


மைசூர், ஹெப்பாள்
11 பிப்ரவரி 2025

அக்கா,

பதினாலு மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ தேடலாம் என்று நினைத்திருப்பாய். உனக்கு எந்தக் காலத்தில் கணக்கு வந்தது? ஒரு ஆட்டோவில் மூன்று மூட்டைக்கு மேல் ஏறாது. டெம்போவோடு நானே வந்து நிற்கிறேன். கண்டக்டரிடம் லக்கேஜுக்காகச் சண்டை போடாதே, அவன் கல்யாணத்துக்கு வருகிறவன்.

மூட்டைகள் கடையின் முன்பக்கம், வீடியோ எடுக்கும் ரிங் லைட்டுக்கு எதிரே இருக்கும். எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியும் வரை அங்கேயே இருக்கும். போனில் லைவ் வீடியோ போட்டுச் சேலை காட்டும்போது அதுவும் தெரியும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன். வியாபாரம் படுத்தால் படுக்கட்டும்.

மஞ்சள் சேலைகளை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இருக்கிறதைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். நாற்பது பேரில் முப்பத்தொரு பேரிடம் ஏற்கெனவே மஞ்சள் சேலை இருக்கிறதாம். அத்தனையும் நான் விற்றது.

பிளாக்கை எடுத்துவிட்டேன். அதற்காகக் குரூப்பில் உடனே வாயைத் திறக்காதே.

வரும்போது மஞ்சள் கிழங்கு கொண்டு வா. இங்கே பாக்கெட்டில் விற்கும் தூளில் என்ன கலக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, இதை மட்டும் நான் விற்கவில்லை. நீயே அம்மியில் அரைத்து, நீயே முதலில் பூசு. கையில் வாசனை இருந்தால் இருக்கட்டும். செவலை வம்சத்துப் பாலைக் குடித்து வளர்ந்தவள்தான் அவளும்.

சுசி